பழைய கிரேக்கர்களின் அன்றாட வாழ்வில் சாமி: கோயிலை விட்டுவிட்டு வீட்டிலிருந்து பேசலாமா?

வைகைக்கரையான் (இழையைத் தொடங்கியவர்)

கிரேக்க மதம் என்றாலே பேச்சு நேராக பார்த்தினான் கோயிலுக்கும் ஜீயஸின் காதல் கதைகளுக்கும் போய்விடுகிறது. அவையெல்லாம் இருந்தன, சரி. ஆனால் கி.மு. 4-ஆம் நூற்றாண்டில் ஏதென்ஸில் வாழ்ந்த ஒரு செருப்புத் தைப்பவரோ எண்ணெய் வியாபாரியோ காலையில் எழுந்ததிலிருந்து எந்தெந்த இடத்தில் சாமியைப் பார்த்தார்? எனக்கு அதுதான் ஆசை. அதைப் பற்றித் தெரிந்தவர்கள் எழுதுங்கள். நான் வீட்டிலிருந்து தொடங்குகிறேன்.

வாசலில் வழிகளைக் காக்கும் தெய்வமான ஹெர்மீஸின் கல் நிற்கும். சதுரத் தூண், மேலே தாடி வைத்த தலை, நடுவில் ஆண்குறி. தெருவைப் பார்த்தபடி அப்போலோவுக்கும் ஒரு கூம்புத் தூண் உண்டு. உள்ளே நுழைந்தால் முற்றம். அங்கே வேலி காக்கும் ஜீயஸின் பலிமேடை. அந்த ஜீயஸுக்கு ஹெர்கெயோஸ் என்று பெயர். நடு வீட்டில் எரியும் அடுப்பு ஹெஸ்டியா. அவளுக்குப் பெரும்பாலும் சிலை கிடையாது, நெருப்பே அவள்தான். சாப்பாட்டில் முதல் பங்கு அவளுக்குப் போகும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது சாமான் அறை. அங்கே இன்னொரு ஜீயஸ் இருக்கிறார், சொத்தைக் காக்கும் க்டேசியோஸ். இவர் இடி முழக்கும் ராஜா அல்ல, ஒரு ஜாடி! இரண்டு கைப்பிடி வைத்த ஜாடியில் வெள்ளைக் கம்பளி சுற்றி, உள்ளே தண்ணீர், ஆலிவ் எண்ணெய், பலவகைப் பழங்கள் போட்டு வைப்பார்கள். தானியமும் எண்ணெயும் குறையாமல் பார்த்துக்கொள்வது அவர் வேலை.

இதையெல்லாம் வீட்டு விஷயம் என்று ஒதுக்கிவிட முடியாது. ஏதென்ஸில் ஆர்கோன் என்ற உயர் அதிகாரி பதவிக்கு ஒருவர் வந்தால், பதவி ஏற்கும் முன் விசாரணை நடக்கும். அப்பா யார், அம்மா யார், எந்த ஊர் என்று கேட்டபின், “உன்னிடம் குலத்து அப்போலோவும் ஹெர்கெயோஸ் ஜீயஸும் இருக்கிறார்களா, அவர்கள் எங்கே இருக்கிறார்கள்?” என்று கேட்பார்கள். அடுத்து குடும்பக் கல்லறை எங்கே, பெற்றோரை நன்றாக வைத்துக்கொள்கிறாயா, வரி கட்டினாயா, போருக்குப் போனாயா. அரிஸ்டாட்டிலின் பெயரில் நமக்குக் கிடைத்திருக்கும் ஏதென்ஸ் அரசியல் நூலில் இந்தக் கேள்விகள் வரிசையாகவே உள்ளன. நீ எதை நம்புகிறாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. எங்கே வைத்துக் கும்பிடுகிறாய் என்றுதான் கேட்டார்கள்.

கற்றூண்

நல்ல தொடக்கம் தோழர். ஆனால் நீங்கள் கடைசியில் சொன்னதே உங்களுக்கு எதிராக நிற்கிறது. அந்தக் கேள்வி பக்தியைப் பற்றியதா என்ன? குடியுரிமைச் சோதனை அது. பலிமேடை இருந்தால் வீடு உண்டு, வீடு இருந்தால் வம்சம் உண்டு, வம்சம் இருந்தால் நீ ஏதென்ஸ்காரன். சாமி அங்கே ஒரு அடையாளச் சீட்டு மட்டுமே. கிரேக்க மதத்தில் வேதம் இல்லை, கட்டளை இல்லை, மனமாற்றம் இல்லை. மிச்சம் இருப்பது ஊர்க் கட்டுப்பாடுதான் என்பது என் எண்ணம். உள்ளார்ந்த நம்பிக்கைக்கு ஆதாரம் இருந்தால் காட்டுங்கள்.

பழங்காசு

கற்றூண், ஆதாரம் ஈயத்தில் இருக்கிறது.

கிரேக்கத்தின் வடமேற்கு மூலையில் டோடோனா என்று ஓர் இடம். ஜீயஸுக்கும் அங்கே அவர் துணைவியான டயோனேவுக்கும் உரிய குறி கேட்கும் தலம், புனித ஓக் மரம் இருந்த இடம். அங்கே வந்தவர்கள் கேள்வியைச் சின்ன ஈயத் தகட்டில் கீறி, சுருட்டியோ மடித்தோ கொடுத்தார்கள். அகழாய்வில் கிடைத்த தகடுகளிலிருந்து நாலாயிரத்துக்கும் மேற்பட்ட வாசகங்கள் படிக்கப்பட்டு வெளியாகியுள்ளன. பெரும்பாலானவை கி.மு. 5, 4-ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. அரசர்களும் தூதர்களும் கேட்டவை சொற்பம். மீதி எல்லாம் சாதாரண ஜனங்களின் கவலை.

ஆகிஸ் என்று ஒருவர். அவர் வீட்டுப் போர்வைகளும் தலையணைகளும் காணாமல் போய்விட்டன. வெளியாள் யாராவது திருடியிருப்பார்களா என்று ஜீயஸிடம் கேட்கிறார். லிசானியாஸ் என்பவர், அன்னுலா சுமக்கும் பிள்ளை தன்னுடையதுதானா என்று கேட்கிறார். ஆடு வளர்த்தால் லாபம் வருமா என்று இன்னொருவர். எந்தத் தெய்வத்துக்குப் பலியிட்டால் பிள்ளை பிறக்கும், உடம்பு தேறும் என்று கேட்ட தகடுகள் ஏராளம்.

லிசானியாஸின் தகட்டை நினைத்துப் பாருங்கள். இந்தச் சந்தேகத்தை அவர் அண்ணன் தம்பியிடம் கேட்டிருக்க முடியுமா? ஊர்க் கட்டுப்பாட்டுக்காக ஒருவர் மலைப் பாதையில் போய் இதைக் கேட்க வேண்டிய அவசியமே இல்லை. பதில் கிடைக்கும் என்று நினைத்தவர்தான் போவார். வேதமும் கட்டளையும் இல்லை என்பது உண்மை. அதனால் நம்பிக்கையும் இல்லை என்று ஆகிவிடாது.

எபிடாரஸில் வைத்தியத் தெய்வமான அஸ்கிளேப்பியஸின் கோயில் கல்வெட்டுகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நோயாளிகள் கோயில் மண்டபத்தில் இரவு படுத்துத் தூங்குவார்கள், சாமி கனவில் வந்து குணப்படுத்துவார். கி.மு. 4-ஆம் நூற்றாண்டில் அந்தக் கதைகளைக் கல்லில் வெட்டி வைத்தார்கள். யூஃபானெஸ் என்ற சிறுவனுக்குக் கல்லடைப்பு. கனவில் சாமி வந்து, “உன்னைக் குணப்படுத்தினால் எனக்கு என்ன தருவாய்?” என்கிறார். “பத்து சோழிக்காய்” என்கிறான் பையன். ஆட்டுக் கணுக்கால் எலும்பில் செய்த விளையாட்டுக் காய்கள் அவை. அவனிடம் இருந்த சொத்தே அதுதான். சாமி சிரித்துவிட்டு நிறுத்திவிடுகிறேன் என்கிறார். விடிந்ததும் பையன் நலமாக வெளியே வருகிறான். கோயில் விளம்பரம் என்று சொல்லலாம்தான். ஆனால் சாமி ஒரு குழந்தையிடம் இப்படிப் பேசுவார் என்று படித்தவர்கள் ஏற்றுக்கொண்டார்கள் பாருங்கள், அதைக் கவனியுங்கள்.

புதுவாசகன்

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். ஒரு சந்தேகம். பலி பலி என்கிறீர்களே, அது எப்படி நடந்தது? இறைச்சி முழுவதையும் எரித்துவிடுவார்களா? பூசாரி என்று தனியாக ஒரு கூட்டம் இருந்ததா?

அடுப்பங்கரை

தம்பி, இது என் பேட்டை. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ஜாடிகளில் வரைந்த ஓவியங்களையும் பழைய நூல்களையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு பலி இப்படி நடக்கும். கொம்பில் மாலை கட்டிய மாட்டையோ ஆட்டையோ ஊர்வலமாக அழைத்து வருவார்கள். முன்னால் ஒரு பெண் கூடை சுமந்து வருவாள். கூடையில் வாற்கோதுமை, அதன் அடியில் கத்தி. எல்லாரும் கை கழுவி, விலங்கின் மேல் தண்ணீர் தெளித்து, வாற்கோதுமையைத் தூவுவார்கள். அதன் நெற்றி மயிரைக் கொஞ்சம் வெட்டி நெருப்பில் போட்டுப் பிரார்த்தனை. அப்புறம் கழுத்தில் கத்தி. அந்த நொடியில் பெண்கள் உரக்கக் குலவையிடுவார்கள். இரத்தம் பலிமேடையில் படும்.

தொடை எலும்பைக் கொழுப்பில் சுற்றி எரிப்பது சாமிக்கு. புகை மேலே போகும். ஈரல், இதயம் முதலியவற்றைக் கம்பியில் குத்திச் சுட்டு, பக்கத்தில் நிற்பவர்கள் உடனே ருசி பார்ப்பார்கள். மற்ற இறைச்சி வெட்டிக் கொப்பரையில் வெந்து எல்லாருக்கும் பங்காகும். எலும்பும் கொழுப்பும் சாமிக்கு, நல்ல கறி மனுஷனுக்கு என்றால் இது என்ன நியாயம் என்று கிரேக்கர்களுக்கே கேள்வி இருந்தது. ப்ரோமீதியஸ் ஜீயஸை ஏமாற்றிப் பங்கு பிரித்தான் என்று பழைய கவிஞர் ஹெசியட் சொல்லும் கதை அதற்கான பதில்தான். விலங்கை முழுதாக எரிக்கும் பலிகளும் இருந்தன, ஆனால் குறைவு.

பூசாரி விஷயம். தனிச் சாதியோ படிப்போ கிடையாது. சில பதவிகள் குறிப்பிட்ட குடும்பங்களுக்கு உரியவை. தானியத் தெய்வமான டெமிட்டரின் தலம் எலியூசிஸில் யூமோல்பிடாய், கெரிகெஸ் என்ற இரு குடும்பங்கள் மாதிரி. சிலவற்றுக்குச் சீட்டுக் குலுக்கல். வீட்டில் குடும்பத் தலைவரே பலியிடுவார். ஊர் விழாக்களில் வெட்டவும் கூறு போடவும் சமைக்கவும் கூலிக்கு ஆள் வருவார், மூன்றும் ஒரே ஆளின் தொழில்.

இதற்கெல்லாம் கணக்கு வேண்டாமா? ஏதென்ஸைச் சுற்றியுள்ள ஆட்டிக்கா நாட்டுப்புறத்தில் எர்கியா என்ற ஊரின் பலி நாட்காட்டி கல்லில் கிடைத்திருக்கிறது, கி.மு. 4-ஆம் நூற்றாண்டு. செலவைச் சமமாகப் பிரிக்க 5 பத்திகளாக எழுதியிருக்கிறார்கள். எந்த மாதம், எந்த நாள், எந்தத் தெய்வம், எந்த மேட்டில், எந்த விலங்கு, என்ன விலை. செம்மறி ஆடு 10 முதல் 12 திராக்மா, பன்றிக்குட்டி 3. ஏதென்ஸில் கட்டட வேலை செய்தவருக்கு கி.மு. 5-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஒரு நாள் கூலி ஏறக்குறைய 1 திராக்மா என்பதை இதோடு வைத்துப் பாருங்கள், ஒரு குடும்பம் தனியாக ஆடு வெட்டுவது எவ்வளவு பெரிய செலவு என்று புரியும். சில பலிகளுக்குப் பக்கத்தில் “எடுத்துப் போகக் கூடாது” என்று வெட்டியிருக்கிறது. கறியை அங்கேயே உட்கார்ந்து சாப்பிட வேண்டும், வீட்டுக்குக் கட்டிக்கொண்டு போகக் கூடாது. அந்த இரண்டு வார்த்தைக்குப் பின்னால் எத்தனை வருஷச் சண்டை இருந்திருக்குமோ!

பணமில்லாதவர் தேன் கலந்த மாவுப் பணியாரம், ஒரு சிட்டிகைத் தூபம், தரையில் ஊற்றிய கொஞ்சம் மது என்று முடித்துக்கொள்வார். அதுவும் வழிபாடுதான், யாரும் தள்ளிவைக்க மாட்டார்கள்.

கற்றூண்

பழங்காசு சார் சொன்ன டோடோனா தகடுகளை மறுக்கவில்லை. ஆனால் அடுப்பங்கரை எழுதியதைப் படித்தால் விருந்துதான் பிரதானமாகத் தெரிகிறது. அதோடு கிரேக்கர்களிலேயே இதை எள்ளி நகையாடியவர்கள் இருந்தார்களே. மாட்டுக்கும் குதிரைக்கும் கை இருந்தால் தங்கள் உருவிலேயே சாமியை வரையும் என்றார் தத்துவவாதி ஸெனோஃபானெஸ். அரிஸ்டாட்டிலின் மாணவர் தியோஃப்ராஸ்டஸ் ஒரு பயந்தாங்கொள்ளிப் பக்தனை வர்ணிக்கிறார். குறுக்கே மரநாய் ஓடினால், வேறு யாராவது முதலில் கடந்து போகும்வரை நிற்பான், அல்லது மூன்று கல்லைத் தூக்கிப் போட்டுவிட்டுத்தான் நடப்பான். மாவுப் பையை எலி கடித்துவிட்டால் சாத்திரம் தெரிந்தவரிடம் ஓடுவான். “செருப்புத் தைப்பவரிடம் கொடுத்து ஒட்டுப் போடு” என்று அவர் சொன்னாலும் கேட்காமல் பரிகாரப் பலி கொடுப்பான். படித்தவர்கள் இதையெல்லாம் எப்படிப் பார்த்தார்கள் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

வைகைக்கரையான்

அதே பகுதியை மறுபடி படியுங்கள் தோழர். பரிகாரம் சொல்லும் அதிகாரி ஊரில் இருக்கிறார், அவரிடம் கேட்கப் போவது எல்லாருக்கும் வழக்கம். எதற்கு எவ்வளவு என்ற அளவு தெரியாதவனைத்தான் தியோஃப்ராஸ்டஸ் கிண்டல் செய்கிறார். சாமி கும்பிடுவதையே அவர் கிண்டல் செய்யவில்லை.

படித்தவர் என்றால் செனஃபோனைவிட யார் வேண்டும்? சாக்ரடீஸிடம் பழகியவர், தளபதி, எழுத்தாளர். கி.மு. 400-இல், பெர்சியாவில் கூலிக்குப் போரிடப் போன பத்தாயிரம் கிரேக்கர் படையின் மிச்சத்தோடு கருங்கடல் கரையில் கால்பே என்ற இடத்தில் மாட்டிக்கொண்டார். சாப்பாடு இல்லை. புறப்படும் முன் ஆடு வெட்டி ஈரலைப் பார்த்தால் குறி சரியில்லை. மறுநாளும் சரியில்லை. செனஃபோன் இங்கேயே ஓர் ஊர் கட்ட ஆசைப்பட்டு, குறி பார்ப்பவரைச் சரிக்கட்டிவிட்டார் என்று படையில் புகைச்சல். அவர் என்ன செய்தார் தெரியுமா? யார் வேண்டுமானாலும் வந்து பலியைப் பார்க்கலாம், குறி தெரிந்தவர்கள் எல்லாரும் பக்கத்தில் நின்று பாருங்கள் என்று அறிவித்தார். கடைசியில் ஆடு தீர்ந்து வண்டி மாட்டை வாங்கி வெட்டினார்கள். அப்போதும் சரியில்லை. நியோன் என்ற தளபதி பொறுமை இழந்து, 2000 பேரோடு உணவு தேடிப் போனார். பெர்சியக் குதிரைப்படை வளைத்துக்கொண்டது. 500 பேருக்குக் குறையாமல் செத்தார்கள். மறுநாள் முதல் பலியிலேயே குறி கூடி வந்தது, படை கிளம்பியது.

வயிறு காய்ந்து கிடக்கும் ஆயிரக்கணக்கான ஆயுதம் ஏந்திய ஆட்கள் ஓர் ஈரலுக்காக நாள் கணக்கில் காத்திருந்தார்கள். வெறும் சடங்கு என்று எனக்கு இதைச் சொல்ல மனம் வரவில்லை.

இதன் கொடுமையான பக்கமும் உண்டு. கி.மு. 413-இல் சிசிலித் தீவின் சிராக்யூஸ் நகரை முற்றுகையிட்டுத் தோற்ற ஏதென்ஸ் படை தப்பிக்கத் தயாராக இருந்த ராத்திரி சந்திர கிரகணம். குறி சொல்பவர்கள் மூன்று ஒன்பது நாள், அதாவது 27 நாள், காத்திருக்கச் சொன்னார்கள். தளபதி நிசியாஸ் கேட்டுக்கொண்டார். படை அழிந்தது, மிச்சம் பேர் கல் குவாரியில் கிடந்து செத்தார்கள். பக்தியைப் பெருமையாகப் பேச நான் வரவில்லை. அது அவர்கள் உயிரோடு பிணைந்திருந்தது என்கிறேன்.

நிலாமுற்றம்

தளபதிகளும் ஈரலும் ஆகிவிட்டது. பாதி ஜனங்களை மறந்துவிட்டீர்களே? ஏதென்ஸில் பெண்ணுக்கு ஓட்டு இல்லை, சொத்தை விற்க வாங்க அதிகாரம் இல்லை, வழக்கில் தானாகப் பேச முடியாது. ஆனால் சாமி காரியத்தில் அவள் இல்லாமல் ஊர் நகராது.

குழந்தை பிறந்தால் வாசலில் அடையாளம்: ஆண் என்றால் ஆலிவ் வளையம், பெண் என்றால் கம்பளி. சில நாள் கழித்துக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அடுப்பைச் சுற்றி வருவார்கள். அதன் பிறகுதான் அது அந்த வீட்டுப் பிள்ளை. பிறப்பும் இறப்பும் தீட்டு. சாவு வீட்டு வாசலில் வேறு வீட்டிலிருந்து கொண்டுவந்த தண்ணீர் வைப்பார்கள், வெளியே வருபவர்கள் தெளித்துக்கொள்ள. பிணத்தைக் குளிப்பாட்டி அலங்கரிப்பதும் ஒப்பாரி வைப்பதும் பெண்கள்தான்.

இலையுதிர் காலத்தில், விதைப்புக்கு முன், டெமிட்டருக்கு தெஸ்மோஃபோரியா விழா. ஏதென்ஸில் மூன்று நாள். கல்யாணமான பெண்கள் மட்டும், ஆண்களுக்கு அனுமதி இல்லை. வீட்டை விட்டு வந்து தங்கி, நடு நாளில் தரையில் உட்கார்ந்து பட்டினி. முன்பே குழிகளில் போட்ட பன்றிக்குட்டிகளின் அழுகிய மிச்சத்தை எடுத்து வந்து பலிமேடையில் வைப்பார்கள். அதை விதையோடு கலந்தால் விளைச்சல் பெருகும். நகரத்தின் சோறு, ஓட்டுரிமை இல்லாத இந்தப் பெண்களின் கையில் இருந்தது. அவர்களுக்கும் அது தெரியும்.

அதேனா நைகே கோயிலின் பூசாரிணி எல்லா ஏதென்ஸ் பெண்களிலிருந்தும் சீட்டுக் குலுக்கித் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும் என்று கி.மு. 5-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. வருஷத்துக்கு 50 திராக்மா சம்பளம், ஊர்ப் பலிகளின் கால்களும் தோலும் அவளுக்கு. ஏழை வீட்டுப் பெண்ணுக்கும் அந்தச் சீட்டு விழலாம். ஏதென்ஸில் ஒரு பெண்ணுக்கு அரசுச் சம்பளம் என்றால் எனக்குத் தெரிந்து இதுதான். படிக்கும்போதெல்லாம் மனசு நிறைகிறது.

கற்றூண், நீங்கள் சொன்ன “அடையாளச் சீட்டு” பற்றியும் ஒன்று. ஐசேயஸ் எழுதிக் கொடுத்த ஒரு வழக்குரையில், கிரோன் என்ற தாத்தாவின் சொத்துக்கு மகள் வழிப் பேரன்கள் உரிமை கேட்கிறார்கள். எதிராளி, அவர்கள் அம்மா கிரோனின் மகளே இல்லை என்கிறார். பேரன்கள் காட்டும் சாட்சிகளில் ஒன்று அந்த சாமான் அறை ஜீயஸ். அடிமையையோ வெளியாளையோ சேர்க்காமல் தாத்தா தானே எல்லாம் செய்த பூசை அது. எங்களைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார், பலியில் எங்கள் கையும் பட்டது, எங்களுக்கு ஆரோக்கியமும் செல்வமும் கொடு என்று வேண்டினார் என்கிறார்கள். சட்டத்துக்கு அது அடையாளம், சரி. ஆனால் அந்தப் பிள்ளைகளுக்கு அது தாத்தாவின் வேண்டுதல். ஒன்றிலிருந்து மற்றதைப் பிய்த்து எடுக்க முடியுமா?

கற்றூண்

அழகாகச் சொன்னீர்கள் அக்கா. ஆனாலும் என் முக்கியமான கேள்வி இன்னும் நிற்கிறது. என்ன நம்புகிறாய் என்று யாரும் கேட்கவில்லை என்றால், கி.மு. 399-இல் சாக்ரடீஸை ஏன் கொன்றார்கள்?

வைகைக்கரையான்

இந்த இழையின் மிகக் கடினமான கேள்வி இதுதான். குற்றப்பத்திரிகை: நகரம் ஏற்ற தெய்வங்களை ஏற்கவில்லை, புதுத் தெய்வ சக்திகளைக் கொண்டுவருகிறார், இளைஞர்களைக் கெடுக்கிறார். இதற்குச் செனஃபோன் சொல்லும் மறுப்பைப் பாருங்கள். சாக்ரடீஸ் வீட்டிலும் ஊர்ப் பலிமேடைகளிலும் பலியிட்டதை எல்லாரும் பார்த்திருக்கிறார்களே என்கிறார். குற்றத்தை மறுக்க அவர் செய்கையைத்தான் காட்டுகிறார்.

அந்த வருஷத்துக்கு முன் நடந்ததையும் மறக்காதீர்கள். கி.மு. 415-இல் ஒரே ராத்திரியில் ஊர் முழுக்க ஹெர்மீஸ் கற்களை யாரோ சிதைத்தார்கள், ஜனங்கள் நடுங்கிப் போனார்கள். இரண்டு வருஷத்தில் சிராக்யூஸ் பேரழிவு. 404-இல் ஸ்பார்டாவிடம் தோல்வி, பிறகு முப்பது பேரின் கொடுங்கோல். அந்த முப்பது பேரில் கிரிட்டியாஸ் சாக்ரடீஸிடம் பழகியவர். சாமிக்கும் ஊருக்கும் உள்ள உறவு கெட்டதால்தான் இத்தனையும் என்று பயந்த ஊரில், உள்ளுக்குள் தனியாக ஒரு தெய்வக் குரல் கேட்கிறது என்று சொன்னவர் அவர். அரசியல் பழி உண்டு, மத பயமும் உண்டு. எனக்கு இரண்டுமே நிஜம் என்றுதான் படுகிறது.

கற்றூண்

பயம் நிஜம் என்பதை ஏற்கிறேன். அந்தப் பயத்தை யார் பயன்படுத்திக்கொண்டார்கள் என்பதுதான் என் அக்கறை, அதில் நான் நின்ற இடத்திலேயே நிற்கிறேன்.

புதுவாசகன்

அடிமைகளுக்கு இதில் இடம் இருந்ததா? தாத்தா பூசையில் அவர்களைச் சேர்க்கவில்லை என்று படித்ததும் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

பழங்காசு

இடம் இருந்தது, எல்லை கட்டிய இடம். புதிதாக வாங்கிய அடிமையை அடுப்பருகே உட்கார வைத்துத் தலையில் உலர்ந்த அத்திப்பழமும் கொட்டைகளும் கொட்டுவார்கள். புது மணப்பெண்ணுக்கும் இதே சடங்குதான். ஹெஸ்டியாவின் வீட்டுக்குள் வந்துவிட்டாய் என்று அர்த்தம், அவன் சம்மதம் கேட்கப்படாமலேயே. அந்தெஸ்டீரியா விழாவில் புது மது ஜாடி திறக்கும்போது அடிமைகளுக்கும் பங்கு உண்டு. ஏதென்ஸிலிருந்து ஏறக்குறைய 20 கிலோமீட்டரில் உள்ள எலியூசிஸில் டெமிட்டரின் இரகசியச் சடங்கில் தீட்சை பெற, கிரேக்க மொழி புரிய வேண்டும், கையில் கொலைப் பழி இருக்கக் கூடாது. பெண்ணும் அடிமையும் சேரலாம். செத்த பிறகு நல்ல கதி என்ற வாக்கு எஜமானுக்கும் அடிமைக்கும் ஒன்றேதான்.

டோடோனாவிலும் அவர்கள் வந்து கேட்டிருக்கிறார்கள். எஜமானர் தருவதாகச் சொன்ன விடுதலை தனக்குக் கிடைக்குமா என்று ஒருவர் கேட்ட தகடு இருக்கிறது. பதில்கள் தகடுகளில் மிக அபூர்வமாகத்தான் எழுதப்பட்டன என்பதால் ஆகிஸின் தலையணையைப் போலவே இதுவும் கேள்வியோடு நின்றுவிடுகிறது. தம்பி, அடிமைகள் பெயர் வரும் தகடுகளையும் கோயில் மூலம் விடுதலை பெற்றவர்களின் டெல்பி கல்வெட்டுகளையும் பற்றித் தனியாக ஓர் இழை தொடங்குங்கள், அங்கே விரிவாக எழுதுகிறேன். டெல்பியில் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் உண்டு.